தந்தியை இழுத்துப் பார்த்து வாங்கிய கிட்டார்

பதினாறு வயதிலிருந்து எனக்கு ஒரே ஒரு கிட்டார்மேல்தான் ஆசை. ஓரங்கள் கறுப்பாகவும் நடு தேன் நிறமாகவும் இருக்கும் சன்பர்ஸ்ட் நிறத்தில், ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டார், சுருக்கமாக ஸ்ட்ராட். நண்பன் வீட்டில் ஒரு கச்சேரி வீடியோவில் அதைப் பார்த்த நாளிலிருந்து நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அதையே வரைந்துகொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடம் கழித்து, 40 ஆயிரம் ரூபாய் சேர்த்துக்கொண்டு அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடையின் மாடிப்படி ஏறியபோதும் மனதில் அதுதான். கடைக்காரர் எடுத்துக் கையில் கொடுத்தார். பத்து நிமிடம் வாசித்தேன். அப்புறம் நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏன் என்று பலர் கேட்டார்கள். அதைச் சொல்ல என் அம்மாவின் வீணையிலிருந்து தொடங்க வேண்டும்.

அம்மாவிடம் இருப்பது தஞ்சாவூரில் செய்த பலாமர வீணை. கல்யாணத்துக்கு முன்பே தாத்தா வாங்கிக் கொடுத்தது. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து உட்கார்வார்கள், கூடத்தில் சரளி வரிசை ஓடும். நானும் கீதம்வரை கற்றுக்கொண்டேன். அதன்பின் பள்ளிக்கூடம், டியூஷன் என்று விட்டுப்போய்விட்டது. கல்லூரியில் கிட்டார் பிடித்தேன். கை மாறியது, காது மாறவில்லை. ஒரு சுரத்தைத் தொட்டால் அது அப்படியே நிற்கக்கூடாது, கொஞ்சம் அசைய வேண்டும், மேலே போய்த் தொட்டுவிட்டு இறங்க வேண்டும் என்று காது கேட்டுக்கொண்டே இருந்தது.

வீணைக்கும் கிட்டாருக்கும் நாம் நினைப்பதைவிட உறவு அதிகம். கிட்டார்காரர்கள் ஃப்ரெட் என்று சொல்வதை வீணையில் மெட்டு என்போம். வீணையில் 24 மெட்டு. ஒரே தந்தியில் இரண்டு ஸ்தாயி. எலெக்ட்ரிக் கிட்டார்களில் பலவற்றுக்கு 21 அல்லது 22 மெட்டு, சிலவற்றுக்கு அதே 24. வீணையின் வெண்கல மெட்டுகள் மெழுகின்மேல் உயரமாக நிற்கும். விரல் கீழே மரத்தில் படாமல் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க அந்த உயரம்தான் இடம் கொடுக்கிறது. ஒரே மெட்டில் விரலை வைத்து அம்மா நான்கு சுரஸ்தானம் மேலே இழுத்துவிடுவார். தோடி ராகத்தின் காந்தாரம் எங்கேயும் நிலையாக நிற்காது, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடும். ரிஷப மெட்டில் தந்தியை அழுத்தி மத்யமம்வரை இழுத்துவிட முடிந்தால்தான் அது தோடி. மெட்டு மெட்டாகத் தாண்டி வாசித்தால் ஹார்மோனியத்தில் வாசித்த மாதிரி இருக்கும்.

கல்லூரிக் காலத்து அக்கூஸ்டிக் கிட்டாரில் இதை முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதன் மூன்றாவது தந்தி சுற்றுக்கம்பி போட்டது. விரைப்பாக இருக்கும், அரைச் சுரம் இழுப்பதற்குள் விரல் நுனி வெந்துவிடும். எலெக்ட்ரிக் கிட்டாரில் மூன்றாவது தந்தியும் சுற்றில்லாத வெறும் எஃகுக் கம்பி, எல்லாமே மெலிதாகவும் இருக்கும். ஒலியைக் காந்தமும் ஆம்ப் என்ற ஒலிபெருக்கியும் பார்த்துக்கொள்வதால், பெட்டியை அதிரவைக்கும் வேலை தந்திக்கு இல்லை. யு. ஸ்ரீநிவாஸ் எட்டுத் தந்தி மாண்டலினை விட்டுவிட்டு, ஒற்றை ஒற்றையாக ஐந்து தந்தி போட்ட எலெக்ட்ரிக் மாண்டலினுக்கு வந்ததற்கும் சுரத்தை இப்படி அசைக்கும் கமகம்தான் காரணம். எண்பதுகளிலேயே சுகுமார் பிரசாத் எலெக்ட்ரிக் கிட்டாரில் முழுக் கர்நாடகக் கச்சேரி செய்தவர். பிரசன்னா அதை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனார். ஆக, வழி ஏற்கெனவே போட்டாகிவிட்டது. எனக்கு வேண்டியது என் விரலுக்கு ஏற்ற ஒரு கருவி.

இதற்கு முன் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். ஏழெட்டு வருடம் முன்பு, ஆம்ப், பை, கேபிள், பிக் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் வரும் மலிவான செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். படத்தில் பளபளவென்று இருந்தது. வந்த பிறகு முதல் மெட்டில் எதை அழுத்தினாலும் சுருதி கூடுதலாகக் கேட்டது. ஆறு மாதம் என் காதுதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பழுது பார்க்கும் ஒருவர் சொன்னார்: கிட்டாரின் கழுத்தான நெக்கின் தலைமாட்டில் தந்திகள் உட்காரும் நட் என்ற சின்னத் துண்டில் பள்ளங்களை ஆழமாக வெட்டவில்லை. தந்தி உயரத்தில் நிற்கிறது, அழுத்தும்போது அதிகம் நீள்கிறது, சுருதி ஏறுகிறது. தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் முறுக்காணிகளும் நழுவின. நான்கு தடவை தந்தியை இழுத்தால் ஐந்தாவது தடவை சுருதி சேர்க்க வேண்டும். புதிதாகக் கற்கும் ஒரு பிள்ளை கையில் இப்படியொரு கிட்டார் கிடைத்தால், தனக்குச் சங்கீதம் வராது என்று முடிவு கட்டிவிடும். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. பார்க்காமல், தொடாமல் முதல் கிட்டார் வாங்காதீர்கள். ஆன்லைனில்தான் வாங்க முடியும் என்ற நிலை இருந்தால், திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அதனால் இந்தத் தடவை நேரில் போனேன். கடையில் இருந்தவருக்கு அறுபது வயது இருக்கும். மெல்லிசைக் குழுக்களில் வாசித்தவர் என்று பேச்சில் தெரிந்தது. ஸ்ட்ராட் வேண்டும் என்றதும் ஆம்பைப் போடப்போனார். "அண்ணா, முதல்ல ஆம்ப் வேண்டாம். சும்மா பார்க்கிறேன்" என்றேன். சிரித்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

ஆம்ப் இல்லாமல் முதலில் பார்க்க வேண்டியது நெக். தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக்கும் பிக்கப்பை மாற்றலாம், முறுக்காணியை மாற்றலாம், தந்திகள் உடம்பில் தங்கும் பிரிட்ஜைக்கூட மாற்றலாம். நெக் கைக்கு ஒத்துவரவில்லை என்றால் அந்தக் கிட்டாரை வாசிக்கவே மனம் வராது. கட்டைவிரலின் பக்கவாட்டை நெக்கின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பாருங்கள். மெட்டுகளின் முனை ரம்பம் மாதிரி உறுத்தினால், மரம் காய்ந்து சுருங்கி உலோகம் வெளியே துருத்துகிறது என்று அர்த்தம். ஏசி அறையில் வருடக்கணக்கில் தொங்கிய கிட்டார்களில் இது சகஜம். அப்புறம் கிட்டாரை அடிப்பக்கத்திலிருந்து துப்பாக்கி குறிபார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் தெரிந்துவிடும். முதல் தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் நடுவில் ஒரு தாள் நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி இருக்க வேண்டும். அதிகமாக வளைந்திருந்தால் நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். முறுக்கலுக்கு மட்டும் சுலபமான வைத்தியம் கிடையாது.

ஸ்ட்ராட் இதிலெல்லாம் நன்றாகவே தேறியது. மெட்டுகள் பதித்த பலகையான ஃப்ரெட்போர்டு கருமருது மரம். இங்கே கொஞ்சம் விலகிப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உலகத்துக் கிட்டார்களில் ஏராளமானவற்றின் ஃப்ரெட்போர்டு நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி மரம்தான், இந்தியன் ரோஸ்வுட் என்று சொல்வார்கள். 2017-இல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின்படி ஈட்டியின் பேரினத்து மரங்கள் எல்லாவற்றுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்தது. நிறுவனங்கள் மாற்று மரம் தேடின. ஃபெண்டரின் விலை குறைந்த வரிசையான ஸ்குவையர் கிட்டார்களுக்கு இந்தியன் லாரல் என்ற பெயரில் போனது நம் கருமருது. 2019-இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள், ஆனாலும் கருமருது நிலைத்துவிட்டது. நம் காட்டு மரம் வேறு தேசத்தில் கிட்டாராகி அண்ணா சாலைக்கே திரும்பி வந்திருப்பதை விரலால் தடவிப் பார்த்தபோது எனக்கு மனது நிறைந்துபோனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்ததாக நான் செய்த சோதனைதான் எல்லாவற்றையும் மாற்றியது. மூன்றாவது தந்தியை எந்த மெட்டிலும் அழுத்தாமல் மீட்டிவிட்டு, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது தந்தியை எட்டாவது மெட்டில் அழுத்தி மேலே இழுத்தேன். இழுத்த தந்தி ஏறியது. தொடாமல் விட்ட மூன்றாவது தந்தி இறங்கியது. தம்புராவை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து தளர்த்துகிற மாதிரி.

காரணம் பிரிட்ஜ். ஸ்ட்ராட்டின் பிரிட்ஜ் உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருப்பதில்லை. முன்பக்கம் தந்திகள் இழுக்கின்றன, பின்பக்கம் மரத்துக்குள் ஸ்பிரிங்குகள் இழுக்கின்றன, நடுவில் அது தராசுபோல் நிற்கிறது. ஒரு கம்பியைப் பிடித்து அசைத்தால் சுருதி முழுவதும் குழையும். 1954-இல் லியோ ஃபெண்டர் இதை அறிமுகம் செய்தபோது ட்ரெமோலோ என்று பெயர் வைத்தார். அசைவது ஒலியின் அளவில்லை, சுருதி என்பதால் வைப்ராட்டோ என்பதுதான் சரியான பெயர். ஆனால் பழைய பெயரே ஒட்டிக்கொண்டது. ஜெஃப் பெக் அந்தக் கம்பியை வைத்தே ஒரு பாடகர் பாடுவதுபோல் வாசித்தவர். ஆனால் தராசு என்றால் ஒரு தட்டில் பாரம் கூடினால் மற்றது ஏறத்தானே செய்யும். நான் ஒரு தந்தியை இழுத்தால் மொத்த இழுவிசை கூடுகிறது, பிரிட்ஜ் முன்னால் சாய்கிறது, மற்ற ஐந்து தந்திகளும் தளர்கின்றன. ராக் வாசிப்பவருக்கு இது பெரிய பொருட்டில்லை. ஒரு தந்தியைச் சுருதியாக ஓடவிட்டுக்கொண்டு இன்னொன்றில் கமகம் பிடிக்க நினைக்கும் எனக்கு இது பாட்டையே கலைத்துவிடும்.

"ஸ்பிரிங்கை இறுக்கிப் பிரிட்ஜை அமுக்கி வச்சிடலாம் தம்பி. எரிக் கிளாப்டனே ஒரு மரத்துண்டை உள்ளே சொருகித்தான் வாசிக்கிறார்" என்றார் கடைக்காரர். உண்மைதான். அதற்காகவே ஆம்பில் போட்டு இன்னொரு சோதனையும் செய்தேன். முதல் தந்தியைப் பதினைந்தாவது மெட்டில் அழுத்தி இரண்டு முழுச் சுரம் இழுத்தேன். பாதியில் ஒலி செத்துவிட்டது.

இதற்கும் வடிவம்தான் காரணம். ஃப்ரெட்போர்டு தட்டையான பலகை இல்லை, குறுக்குவாக்கில் லேசாக வளைந்திருக்கும். எவ்வளவு பெரிய வட்டத்தின் துண்டு அது என்பதை ரேடியஸ் என்கிறார்கள். பழைய ஃபெண்டர்களில் 7.25 அங்குலம், இப்போதையவற்றில் பெரும்பாலும் 9.5, கிப்சனில் 12, ஐபனெஸின் ஆர்ஜி போன்ற வரிசைகளில் 400 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 15.75 அங்குலம். எண் சிறிதானால் முதுகு வளைவு அதிகம். கைவிரல்களைச் சேர்த்துப் பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கும் கார்டு பிடிக்க அந்த வளைவு சுகமாக இருக்கும். தந்தியை இழுக்கும்போது மட்டும் அது அந்த மேட்டின்மேல் ஏற வேண்டியிருக்கிறது, அடுத்தடுத்த மெட்டுகளில் முட்டி அடங்கிவிடுகிறது. தந்தியை உயர்த்திவைத்தால் முட்டாது. ஆனால் அழுத்தக் கடினமாகிவிடும்.

ஸ்ட்ராட்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருட ஆசை. அதன் இடையிலுள்ள வளைவு இடுப்பில் பொருந்துகிற சுகத்தை வேறெதிலும் நான் கண்டதில்லை. நடுப் பிக்கப்பையும் கழுத்துப் பிக்கப்பையும் சேர்த்துப் போடும்போது வரும் மணி போன்ற நாதமும் அப்படித்தான். திரைப்பாடல்கள், ஃபங்க், ப்ளூஸ் என்று வாசிக்கப்போகிறவர் யாராவது கேட்டால் இன்றும் முதலில் அதைத்தான் சொல்வேன். எனக்கான வேலை அதற்கு இல்லை என்பதைத்தான் அன்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்புறம் ஒன்றரை மணி நேரம் மற்றவற்றை வாசித்துப் பார்த்தோம். டெலிகாஸ்டரின் பிரிட்ஜ் அசையாது, அது எனக்குச் சாதகம். 1950-இல் பிராட்காஸ்டர் என்ற பெயரில் வந்து, அடுத்த வருடம் பெயர் மாறிய அந்தக் கிட்டார் இன்றும் ஏறக்குறைய அதே வடிவத்தில் இருக்கிறது. பழுதாக அதில் ஒன்றுமே இல்லை. முதல் கிட்டார் தேடும் பலருக்கு இதைப் பரிந்துரைப்பேன். ஆனால் ரேடியஸ் அதே 9.5.

கிப்சனின் லெஸ் பால் வகை எபிஃபோன் ஒன்று கையை மிகவும் கவர்ந்தது. அதில் தந்தியின் நீளம் குறைவு. ஃபெண்டர் வகையில் நட்டிலிருந்து பிரிட்ஜ்வரை 25.5 அங்குலம், கிப்சன் வகையில் 24.75. முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் அதே தந்தி, அதே சுருதி என்றால் நீளமான கிட்டாரில் ஏறக்குறைய 6 சதவீதம் விரைப்பு கூடும். விரல் அதை உடனே உணரும். சின்னக் கை உள்ளவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் இந்த வகையை, அல்லது ஃபெண்டரின் மஸ்டாங் மாதிரி 24 அங்குலக் கிட்டாரைப் பார்க்கலாம். லெஸ் பாலில் எனக்கு இரண்டு குறை. கனம் 4 கிலோவுக்கு மேல். தரையில் சம்மணம் போட்டு மடியில் வைத்து வாசிக்கிற எனக்குத் தொடை மரத்துவிடும். இன்னொன்று, தலைப்பகுதியில் முறுக்காணிகள் இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக இருப்பதால் நடுத் தந்திகள் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் திரும்புகின்றன. இழுத்துவிட்டால் பள்ளத்தில் சிக்கிக்கொண்டு பழைய சுருதிக்கு வராமல் நிற்கும். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தால் கொஞ்சம் சரியாகும். இந்த வகையைப் பழையதாக வாங்குபவர்கள் தலையும் நெக்கும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கீழே விழுந்தால் முதலில் உடைவது அங்கேதான்.

ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் வைத்த ஒன்றையும் கடைக்காரர் காட்டினார். தந்திகளை இரண்டு முனையிலும் பூட்டிவிடும் அமைப்பு. சுருதி நகராது என்பது உண்மை. ஆனால் அதுவும் தராசுதான். தந்தி மாற்றச் சாவி வேண்டும், பொறுமை வேண்டும், அரை நாள் வேண்டும். முதல் கிட்டாராக இதை யாருக்கும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கடைசியில் அவர் உள்ளே போய் ஒரு கறுப்புக் கிட்டாரை எடுத்து வந்தார். யாரோ எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் போன ஐபனெஸ் ஆர்ஜி. மெட்டல் வாசிப்பவர்கள் தோளில் தொங்கும் கூரான கொம்பு வைத்த உடம்பு. கடையில் எத்தனையோ தடவை பார்த்தும் நான் ஏறெடுத்துப் பார்க்காத வகை. பிரிட்ஜ் உடம்போடு திருகி இறுக்கியது. ஃப்ரெட்போர்டு ஏறக்குறைய தட்டை. மெட்டுகள் ஜம்போ எனப்படும் தடித்த, உயரமான வகை. முறுக்காணிகள் ஆறும் ஒரே வரிசை, தந்தி நேராக ஓடுகிறது. மெட்டுகளை எண்ணினேன். 24.

பதினைந்தாவது மெட்டில் முதல் தந்தியை இழுத்தேன். ஒரு சுரம், ஒன்றரை, இரண்டு. ஒலி அறுபடவில்லை. மூன்றாவது தந்தி பக்கத்தில் அசையாமல் சுருதி கொடுத்துக்கொண்டிருந்தது. விரல் நுனி மரத்தில் படாமல் கம்பியின்மேலேயே வழுக்கிக்கொண்டு போனது. கண்ணை மூடினால் வீட்டுக் கூடம்தான். "இதுவா தம்பி?" என்றார். தலையாட்டினேன். 27 ஆயிரத்துக்குப் பேசி முடித்தோம்.

பணம் கொடுக்கும் முன் ஒரு பழைய கிட்டாரில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன். தந்திக்குக் கீழே மெட்டுகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா, குமிழ்களைத் திருகினால் கரகரவென்கிறதா, கேபிளை அசைத்தால் ஒலி விட்டுவிட்டு வருகிறதா, ட்ரஸ் ராட் திரும்புகிறதா. பன்னிரண்டாவது மெட்டில் தந்தியைத் தொட்டும் தொடாமலும் மீட்டினால் வரும் சுரமும் அதே மெட்டில் அழுத்தி மீட்டினால் வரும் சுரமும் ஒன்றாக இருக்கிறதா. கடைசியாகச் சொன்னது விலகியிருந்தால் பயப்பட வேண்டாம், பிரிட்ஜில் திருகிச் சரிசெய்யலாம்.

பிக்கப் பற்றிச் சொல்லாமல் விட்டால் முழுமையாகாது. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியதுதான் பிக்கப். எஃகுத் தந்தி அதன்மேல் அதிரும்போது கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. ஸ்ட்ராட், டெலியில் இருப்பது ஒற்றைச் சுருள். ஒலி தெளிவாக, கூர்மையாக இருக்கும். ஆனால் அந்தச் சுருள் தந்தியின் அதிர்வை மட்டும் கேட்பதில்லை, வீட்டுக் கரண்டையும் கேட்கும். நம் ஊர் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை அலைகிறது, அது ம்ம்ம் என்று ஆம்பில் வரும். இதைப் போக்கக் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் ஒரு வழி கண்டார். இரண்டு சுருள், காந்த முனை எதிரெதிர், சுற்றும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், தந்தியின் ஒலி மட்டும் கூடும். இரைச்சலை அடக்குவது என்ற பொருளில்தான் ஹம்பக்கர் என்று பெயர். பழைய வீடு, எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர், ட்யூப்லைட் என்று இருக்கும் நம் வீடுகளில் ஹம்பக்கர் நிம்மதி. ஒற்றைச் சுருள் வாங்குபவர்கள் கடையிலேயே ஆம்பில் ஒலியைப் பெருக்கும் அளவான கெய்னைக் கூட்டிவைத்து, விளக்குப் பக்கம் திரும்பி நின்று எவ்வளவு இரைகிறது என்று கேட்டுவிடுங்கள்.

கரண்ட் பேச்சு வந்ததால் இன்னொன்று. தயவுசெய்து இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிட்டாரின் தந்திகள் கேபிள் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. நீங்கள் தொடுவது தந்தியை. ஆம்பின் மூன்று முள் பிளக்கை இரண்டு முள் பிளக்காக மாற்றிச் சொருகினாலோ, வீட்டில் எர்த்தே இல்லாமலிருந்தாலோ, ஆம்பில் கசிவு ஏற்படும் நாளில் அது உங்கள் உடம்பு வழியாகத்தான் இறங்கும். ஒரு கை தந்தியில் இருக்கும்போது மைக்கைத் தொட்டு ஷாக் வாங்கிய கலைஞர்கள் பலர். கிட்டார் வாங்கும் மாதமே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்துவிடுங்கள். நான் செய்தேன். வாசிக்கும் அறையில் எர்த் கம்பி பிளக் பாயிண்ட்வரை வந்தே சேரவில்லை.

மீதி 13 ஆயிரத்தில் 20 வாட் ஆம்ப் ஒன்று, ஹெட்போன் துளை வைத்தது. அடுக்குமாடியில் அது கட்டாயம். வீட்டில் வாசிக்க 10 வாட்டே தாராளம், பெரிதாக வாங்கிக் குறைத்துவைத்து வாசிப்பதில் சுகம் இல்லை. மொத்தப் பணத்தையும் கிட்டாரில் போட்டுவிட்டு மிச்சத்தில் ஏதாவது ஆம்ப் என்று போகாதீர்கள். உங்கள் காதுக்கு வருவது ஆம்பின் ஒலி. அதேபோல், உடம்பு என்ன மரம் என்பதற்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பணத்தை, தந்தியின் உயரத்தையும் நெக்கையும் கைக்கு ஏற்பச் சரிசெய்யும் நல்ல செட்டப்புக்குக் கொடுங்கள்.

செட்டப் செய்ய 1,500 ரூபாய் ஆனது. பன்னிரண்டாவது மெட்டில் தந்தியின் உயரம் பொதுவாக முதல் தந்திக்கு 1.5 மில்லிமீட்டர், ஆறாவதற்கு 2 என்று வைப்பார்கள். நான் முதல் தந்தியைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னேன். மிகத் தாழ்ந்திருந்தால் இழுக்கும்போது தந்தி விரலுக்கு அகப்படாமல் நழுவும். 10-க்குப் பதில் 9 எண் தந்தி போட்டேன். தடிமன் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விரைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஒரு முழுச் சுரம் கீழே சுருதி சேர்த்தால் இன்னொரு ஐந்தில் ஒரு பங்கு போகும். இந்த ஐபனெஸின் தந்தி நீளம் ஃபெண்டர் போலக் கூடுதல் என்ற குறை இதில் தீர்ந்துவிட்டது. சென்னை வியர்வைக்குத் தந்தி இரண்டு மாதத்தில் துருப்பிடிக்கிறது. வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு அம்மா வந்து பார்த்தார். கொம்பைத் தொட்டார். "ஏன்டா இப்படிக் கூரா இருக்கு?" என்றார். வாங்கி, பாயில் உட்கார்ந்து, வீணையைப் போலவே மடியில் படுக்கவைத்துக்கொண்டார். மெட்டுகளை விரலால் தடவிப் பார்த்தார். "மெழுகே இல்லையே. இது நகராதா?"

"நகராதும்மா. அடிச்சு இறக்கியிருக்காங்க."

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து ஒரு தந்தியை அழுத்தி இழுத்தார். நகம் வைத்து மீட்டிப் பழகிய வலது கைக்கு நான் பிக் கொடுத்தேன், வேண்டாம் என்று விரலாலேயே மீட்டினார். காந்தாரம் மேலே போய்ப் பாதியில் நின்றது. இன்னொரு தடவை இழுத்தார். இன்னும் கொஞ்சம் ஏறியது, மத்யமத்தைத் தொடவில்லை.

"சுருதியை இன்னும் கொஞ்சம் இறக்குடா. தந்தி விரைப்பா இருக்கு."

முறுக்காணிகளை ஒவ்வொன்றாகத் திருகி அரைச் சுரம் இறக்கினேன். அம்மா மூன்றாவது தந்தியை மீட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு தோடி.

நான் கையை நீட்டி ஆம்பின் குமிழைக் கொஞ்சம் கூட்டினேன்.